ஜிஜா பார்க்கும் புள்ளி

கல்யாண ஆல்பத்தைக் கையில் வாங்கினால் ஜிஜா நகையைப் பார்ப்பதில்லை, சேலையைப் பார்ப்பதில்லை. கருவிழியில் விழுந்திருக்கும் பிளாஷ் புள்ளியைத்தான் தேடுவாள். "பெண்ணுக்க புள்ளி மூக்குப் பக்கம் நிக்கு, கேட்டியா?" என்பாள். பெண்ணின் பெயரைக் கேட்டால் தெரியாது.

பாறசாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் இருபது வருடமாகக் கண் சோதிக்கிறாள். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் கண்ணையே உற்றுப் பார்த்து இரண்டு தடவை சண்டை வாங்கியிருக்கிறாள். "கண்ணு நேரா பூட்டி வச்ச கேமரா இல்ல மக்கா. எல்லாருக்கும் இச்சிரி சரிஞ்சுதான் இருக்கும். ஓரத்துல வாற வெளிச்சம் கண்ணுக்குள்ள புள்ளியா நிக்காது, கோடா இழுவும். ராசாவுக்கும் அப்படித்தான்" என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

போன வியாழக்கிழமை சதாசிவன் தன் மனைவி ஸ்ரீகுமாரியைக் கூட்டிவந்தார். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி விளம்புகிறவள் அவள். கண்கள் வெளிப்பக்கம் விலகினாற்போல் தோன்றும். அந்தப் பார்வை பட்டால் பிள்ளைகளுக்கு வயிறு கெடும் என்று சில தாய்மார் மனுக் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள், மனுவில் எழுத்துப் பிழைகூட இல்லை.

"கோங்கண்ணாக்கும் மேடம், மாறுகண்ணு. ஆப்பரேஷன் செய்யணும். நல்ல டாக்டருக்கு ஒரு எழுத்து எழுதித் தரணும்," என்றார் சதாசிவன்.

"நேராக்கலேண்ணா வேலை போவும், சேச்சி," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் ஸ்ரீகுமாரி.

ஜிஜா டார்ச் அடித்தாள். இரண்டு கண்ணிலும் புள்ளி மூக்கோரம் நின்றது. சுவரிலிருந்த எழுத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு கண்ணை மறைத்தாள், மற்றது அசையவில்லை. மாற்றி மறைத்தாள்; அப்போதும் அசையவில்லை. மாறுகண்ணாக இருந்தால், மறைக்காத கண் எழுத்தைப் பிடிக்க ஒரு துள்ளு துள்ளியிருக்கும்.

"உனக்க கண்ணு நேராக்கும், மக்கா. கண்ணுக்க நடுவும் நீ பாக்குத கோடும் மத்தவங்களவிட கொஞ்சம் கூடுதல் விலகி நிக்கு, அதாக்கும் வெளிய போன மாதிரி தோணுதது, அவ்வளவுதான். இத வெட்டித் தச்சா, இப்ப ஒண்ணாத் தெரியுதது ரெண்டாத் தெரியும்."

சதாசிவன் விடவில்லை. "செரி, ஆளுக சொல்லுததுக்கு என்ன செய்ய?"

"சொன்னவங்கள எல்லாம் வரச் சொல்லுங்க அண்ணா. ஒவ்வொருத்தருக்க புள்ளியும் எங்க நிக்குண்ணு பாத்திருவோம்."

சொன்னதோடு நில்லாமல், கடைவாசலில் கிடந்த நீளப் பெஞ்சை அவள் உள்ளே இழுக்கத் தொடங்கினாள். சதாசிவன் கைகட்டி நின்றார். பெஞ்சின் மறுமுனையை ஸ்ரீகுமாரி தூக்கினாள்.