வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு ஊற்றிய நெய்

அக்கி வந்து மாறிய பிறகு என் வலது விலாவில் ஒரு நோவு குடியேறியது. சட்டை உரசினாலே நெருப்பாய்ச் சுடும். பதினொரு மாதம். டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றி எழுதினார். எல்லாமே நித்திரையைத் தந்தன, நோவை எடுக்கவில்லை. கணவரோ, "கொப்புளம் காய்ஞ்சிட்டுதெல்லோ, இனி என்ன நோவு? அதையே நினைச்சுக்கொண்டு இராதையும்" என்று கதையை முடித்துவிட்டார். கொப்புளம் கண்ணுக்குத் தெரிந்தவரை அவர் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

லண்டன் நோர்பரியில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இடுப்பு நோவுக்குத் தோட்டத்துக் கதிரையில் இருந்தபடி கஞ்சா புகைப்பவர். அந்த மணம் வந்தாலே கணவர் யன்னலைச் சாத்திவிட்டு, இந்த நாடு கெட்டுப்போவதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார். அந்தக் கிழவரிடம்தான் ஒருநாள் வேலிக்கு மேலால் என் நோவைச் சொன்னேன். அவர் இடையில் பேசாமல் கேட்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. புகைக்க மாட்டேன் என்றதும், வெண்ணெயில் இறக்கிச் சாப்பிடலாம் என்று ஒரு பொட்டலம் தந்தார். பதிலுக்கு நான் ஆறு மட்டன் ரோல்ஸ் கொடுத்தேன். என் வாழ்க்கையின் முதல் போதைப்பொருள் வியாபாரம் அப்படித்தான் நடந்தது.

மணம் வெளியே வராமலிருக்கப் பிரஷர் குக்கர்தான் சரியென்று சொன்னவரும் அவரே. வியாழக்கிழமை கணவர் வேலைக்குப் போனதும், இலையையும் வெண்ணெயையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் மூடி, பருப்பு அவிக்கிற குக்கரில் தண்ணீருக்குள் வைத்து ஏற்றினேன். விசில் அடித்தபோது போலீஸ் வாசலில் நிற்பதுபோல் ஓடிப்போய் யன்னல் திரையை இழுத்துவிட்டேன். மணம் ஏதும் கசிந்தால் மறைக்கட்டும் என்று பக்கத்து அடுப்பில் கருவாடும் பொரித்தேன். சற்று நேரத்தில் கிழவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, உன் வீட்டில் என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டார். மற்ற மணம் அவருக்குப் படவே இல்லை.

வடித்து ஆற்றியபோது ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. குளிர்ப்பெட்டியின் பின்மூலையில் இளம்பச்சையாக இறுகியிருந்தது. மறுநாள் பின்னேரம் கணவர் ஷிப்டுக்குப் போனபிறகு பாணில் துளி பூசிப் பார்ப்பதாகத் திட்டம். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வலப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் சைவம். சைவமென்றால் பருப்பும் நெய்யும். நெய் உருக்குவது கணவரின் வேலை. சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை என்பதால் அதில் அவர் பேராசிரியர். வெண்ணெய் உருகி முடிகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை போடவேண்டும், முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. நான் குளித்துவிட்டு இறங்கி வந்தபோது, அவர் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டு முடிக்கிற கட்டம்.

"முருங்கையிலையை ஆரும் முதலே வெண்ணெய்க்குள்ளை போடுவினமோ? எல்லாம் பச்சையாப் போச்சு, மணமும் மாறிப்போச்சு. நான் திரும்ப உருக்கி ஒருமாதிரிச் சரிப்பண்ணிப்போட்டன்," என்றார்.

குளிர்ப்பெட்டியில் நான் ஒளித்த கிண்ணம் வழித்துத் துடைத்ததுபோல் கிடந்தது. இவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு முன்னால், என் பங்கு போய்விட்டதே என்ற கோபம்தான் எனக்கு வந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

"இண்டைக்கு வேலைக்குப் போகாதேங்கோ," என்று மட்டும் சொன்னேன். ஏன், எதற்கு என்று சண்டை பிடித்து முடிப்பதற்குள் ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. பிறகு அவர் சோபாவில் சாய்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சரும், நான் சாகப்போறன் போல கிடக்கு. ஆம்புலன்சுக்கு அடியும்."

போனைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர், ரோல்ஸ், குக்கர், கருவாடு. "இப்பவே அடிக்கிறன். ஆனா என்ன சாப்பிட்டவர் எண்டு கேட்டா இதைத்தான் சொல்லவேணும்," என்றேன். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கியது.

"கஞ்சா தின்னுற அளவுக்கு உமக்கு நோகுதோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

போனை அவர் தலையில் போடலாம் போல இருந்தது. பதினொரு மாதமாக நான் வேறு யாருக்குச் சொன்னேன்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நோவு எங்கே தொடங்குகிறது, எப்படி முதுகுக்கு ஓடுகிறது என்று முதலிலிருந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாதியில் குறட்டை விட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டவர், ஒரு காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "நேற்று முதுகுக்கு ஓடுது எண்டனீர். பிறகு?" என்றார்.

அவர் வயிற்றில் அப்போது நெய் இல்லை, வெறும் தேத்தண்ணிதான். நான் மறுபடியும் விலாவிலிருந்து தொடங்கினேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.