நாகமணியைக் கேட்டு வருகிறவர்கள்

எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகர் வேலை என்றால், “எனக்கு எதுக்குமா டெஸ்ட்டு?” என்ற ஒரே கேள்விக்குத் தினமும் புதுசாகப் பதில் தேடுவது. கூட வேலை பார்க்கிறவருக்கு நல்ல பேர் வரும்போது வயிறு எரிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் கஷ்டம் புரியும்.

மைக்கும் நானும்

பெரிய காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள் வாழும் தெருவில் முகாம் போட்டோம். மைக் பிடித்து, இந்தத் தொற்று யாருக்கும் வரலாம், வருஷா வருஷம் பார்த்துக்கொள்வது நல்லது என்று தொண்டை வறளப் பேசினேன். மூன்று பேர் வந்தார்கள்.

அடுத்த மாதம் களப்பணிக்கு நாகமணி சேர்ந்தாள். அதே தெருக்காரி. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் கதை பேசினாள், அவ்வளவுதான். மறு முகாமில் வரிசை நின்றது. ஒரு பெண் என் மேஜைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நாகமணி இல்லியா? அப்ப நாளைக்கு வர்றேன்மா.”

என் தெலுங்கு

பொறாமையில் நானும் தெலுங்கு கற்றேன், போனைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல். ஒரு பெரியவரிடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்று சொல்லப் போய், ‘பரிசோதனைக்கு’ என்பதை விட்டுவிட்டு, “ரக்தம் இவ்வண்டி”, ரத்தம் கொடுங்கள், என்று மட்டும் சொல்லிவிட்டேன். மறுநாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து கையை நீட்டினார். நான் துளியளவு எடுத்ததும் அவர் முகம் வாடியது. “ரத்த தானம்னா ஜூஸ் குடுப்பாங்களே, எங்கமா?”

அந்த ஒருவர்

தறியில் பாவு நூல் இழைகளைப் பிணைக்கும் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார். இந்த முறை அவருக்குத் தொற்று இருந்தது. தொடர்ந்து பார்த்ததால் சீக்கிரமே தெரிந்தது, மாத்திரையை விடாமல் போட்டால் வழக்கம்போல் வாழலாம் என்று நிதானமாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, நாகமணியைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் வந்து தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவர் உடைந்து அழுதார். மறுநாள் மனைவியை அழைத்து வந்தார். மனைவிக்குத் தொற்று இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. இப்போது கணவர் மாத்திரையும் வேலையுமாக நன்றாக இருக்கிறார். மாத்திரை வாங்க வந்தபோது தானாகவே சொன்னார்: “நீங்க சொன்னது எல்லாமே புரிஞ்சிதுமா. ஆனா அழறதுக்கு எனக்குத் தெலுங்குதான் வருது.”

அவள் ரகசியம்

தாங்காமல் ஒருநாள் நாகமணியிடமே கேட்டேன், எப்படி இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று. மொழி பாதிதான் என்றாள். ஒவ்வொரு முகாமிலும், தான் கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுவாளாம். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “நீங்க கடைசியா எப்பக்கா எடுத்தீங்க?”

பதினொரு வருஷ சர்வீஸில் முதல்முறையாக மறுநாள் எடுத்துக்கொண்டேன். முடிவு வரும்வரை பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொல்லி நானும் நாகமணியைத்தான் கூப்பிட்டேன் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.