குழிக்குள் கவிழ்ந்திருந்த பாட்டில்

மாலை நாலு இருபது. தொண்ணூறுகளின் கடைசியில், என் மகளின் பிளஸ் டூ விலங்கியல் செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் குடியிருந்தோம். பின்கட்டில் தறி எடுத்துவிட்ட பழைய தறிக்குழி. உடைந்த செங்கற்களைப் போட்டு வைத்திருந்தோம்.

மதியத்திலிருந்து முதுகெலும்பில்லாத விலங்குகளைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். தொகுதி, வகுப்பு, இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயர். தேளுக்கு எல்லாம் சரியாகச் சொன்னவள், கால் பத்து என்றாள். முன்னால் உள்ள இடுக்கிகளையும் சேர்த்து எண்ணிவிட்டாள்.

"எட்டுடி! இதுகூடத் தெரியாம என்னத்த எழுதப்போற? போய் ஒண்ணப் புடிச்சு எண்ணிப் பாரு, போ!"

கோபத்தில் சொன்னது. அவள் நிஜமாகவே போவாள் என்று நினைக்கவில்லை.

அலறல் கேட்டு ஓடினேன். விரலைப் பிடித்துக்கொண்டு குழிக்கு வெளியே நின்றாள். அவள் காலருகே ஒரு பூரான் ஊர்ந்து போனது.

"பூரான்தானா!"

"இல்லம்மா, தேளு. எட்டுக் காலு, எண்ணிட்டேன்."

"பத்துன்னு சொன்னவதானே நீ? சும்மா இரு."

வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் உடம்பு சில்லிட்டது. சட்டை நனைய வியர்த்தது; வாந்தி எடுத்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளால் பேச முடியவில்லை. "என்னம்மா கடிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்: "பூரான்." வலிக்கு ஊசி போட்டார்கள். ஆனால் அவள் நாடித்துடிப்பு மட்டும் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் சேதி கேட்டு, இருட்டும் நேரத்தில் என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஊறுகாய் பாட்டில். உள்ளே சிறிய செந்தேள். பாட்டிலின் மேல் அவள் கையெழுத்தில், குழிக்குப் போகும் முன்பே ஒட்டிய ஒரு சீட்டு: தொகுதி, வகுப்பு, அறிவியல் பெயர். கால்களின் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

பாட்டிலைப் பார்த்ததும் டாக்டர் மருந்துக்கு உள்ளே ஓடினார். மூன்று நாள் கழித்துத்தான் "பயமில்லை" என்றார்கள். தேர்வுக்குப் போக முடியவில்லை; ஆனால் அவள் பிழைத்தாள்.

அன்று டாக்டர் உள்ளே ஓடியதும் கணவர் என் பக்கம் திரும்பிக் கேட்டது இவ்வளவுதான்: "பாட்டில் குழியிலயே கவுந்துக்கினு இருந்துது. நீ குனிஞ்சுகூடப் பாக்கலியா?"

இப்போதும் ஏதாவது பிள்ளை என்னிடம் எதையாவது சொல்ல வந்தால், அந்தப் பாட்டில்தான் முதலில் என் கண்ணில் நிற்கிறது.