மக்காச்சோளக் காட்டில் விழுந்த தட்டு

மருமகன் இறந்த பிறகு மகள் வெளிநாட்டை விட்டு எங்கள் ஊரான அரும்பாவூருக்கே வந்துவிட்டாள். யாரிடமும் பேசமாட்டாள். என்ன சொல்லித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அவள் பெட்டியில் மருமகனின் டிஸ்க் கோல்ஃப் தட்டுகளைப் பார்த்தேன். தூரத்தில் நிற்கும் கூடையில் பிளாஸ்டிக் தட்டை வீசிப் போடும் விளையாட்டு அது. "எனக்கும் சொல்லிக்குடும்மா" என்றேன். அவளைப் பேச வைக்க வேறு வழி தோன்றவில்லை.

அறுவடை முடிந்த எங்கள் வயலில், கூடைக்குப் பதில் ஒரு வேப்பமரத்தைக் காட்டினாள். "கையை நெஞ்சோட ஒட்டி இழுத்து விடுங்கப்பா" என்றாள். என் முதல் வீச்சே வளைந்துபோய்ப் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குள் விழுந்தது. மருமகன் ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுத் தட்டு அது.

இருட்டும்வரை தேடினோம். சோளத்தோகை கையைக் கிழித்ததுதான் மிச்சம். வரப்பில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழாதவள். அவள் தோளைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

"தொலைச்சிட்டேன்மா" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரும் மொத நாள் இப்படித்தாம்பா. தட்டை ஏரியில போட்டுட்டு முழிச்சிக்கிட்டு நின்னாரு."

இத்தனை மாதங்களில் அவரைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.