பிலோமினா டீச்சரின் ஜைடிகோ தட்டுகள்

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியை ஆசிரியர் அறைக்குள் வந்து நின்றார். "பிலோமினா டீச்சர் நேத்து சாயங்காலம் போயிட்டாங்க" என்றார். சில வாரங்களாகப் படுக்கையில் இருந்தவர்தான். இருந்தாலும் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அந்த இசைத்தட்டுகள் இனி யாரிடம் போகும் என்ற கேள்விதான் வந்தது. அவரை அறிந்த உங்களுக்காக எழுதுவதால் இதை மறைக்க விரும்பவில்லை. கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

மாணவிகளுக்கு அவர் சரித்திர டீச்சர். பாலக்கரையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அண்ணன் செபாஸ்டின் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஐம்பதுகளின் நடுவில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மரப்பெட்டி நிறைய பழைய இசைத்தட்டுகளைத் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்ற பகுதியில், துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தேயத் தேயப் போட்டுக் கழித்த தட்டுகள். அந்த இசைக்கு ஜைடிகோ என்று பெயர். அங்குள்ள கறுப்பின மக்கள் வார இறுதியில் கூடி ஆடுவதற்காக வாசிப்பது. அக்கார்டியன்தான் பிரதானம்; கூடவே ஒருவர் நெளிநெளியான தகரத்தை மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் தேய்த்துத் தாளம் போடுவார். பாட்டு அவர்கள் பேசும் ஒருவகைப் பிரெஞ்சில் இருக்கும். இதெல்லாம் செபாஸ்டின் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆசிரியைகள் சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டு முதல் தடவை போட்டுக் காட்டினார். நான் ஸ்ரீரங்கத்துக்காரி, சின்ன வயதிலிருந்தே வீணை கற்றவள். பாட்டு முடிந்ததும், யாரும் கேட்காமலே, "சுருதியே சேரலையே டீச்சர்" என்றேன்.

"சுருதி சேரலைன்னா என்னங்க டீச்சர், ஆளுங்க சேர்ந்திருக்காங்களே" என்றார், அடுத்த தட்டைத் துடைத்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். வீடு திரும்பும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. என் விரல்கள் டிபன் பாக்ஸின் மேல் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. எதையும் கற்றுக்கொள்ளாத ஒருத்தியால் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்க முடிகிறதே என்று எரிச்சல் வந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

எனக்கென்று ஒரு ஜைடிகோ தட்டாவது வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். பெரிய கடைவீதியில் கிராமபோன் விற்பவர், பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, "மருந்துங்களா?" என்று கேட்டார். மெட்ராஸ் போனபோது பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு அக்கார்டியன் தட்டு வாங்கிவந்தேன். அது ஏதோ ஐரோப்பிய நாட்டு நடனம். பிலோமினா முழுவதும் பொறுமையாகக் கேட்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க கோட்டு போட்டுக்கிட்டு வாசிக்கிறாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் போடவே இல்லை.

முக்கொம்புக்குப் பிக்னிக் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சாவி கொடுத்து ஓட்டுகிற கைப்பெட்டி கிராமபோனோடு பிலோமினா வந்திருந்தார். மரத்தடியில் தட்டு சுழலத் தொடங்கியதும், மாணவிகள் கண்டு நடுங்கும் தலைமையாசிரியை தொடையில் தாளம் போட்டார். தையல் டீச்சர் எழுந்து ஆடியேவிட்டார். பிக்னிக் என்றால் என்னைத்தான் பாடச் சொல்வார்கள். அன்று ஒருவருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை. என் புளியோதரையை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக் கலாட்டாவில் ஒரு தட்டை வெயில் படுகிற கல்லின் மேல் மறந்து வைத்துவிட்டார் பிலோமினா. எடுத்துப் பார்த்தபோது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அப்படியே போட்டார். ஊசி ஏறி இறங்க, பாட்டு தள்ளாடியது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அழுதவள் நான். அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்னு ஒருநாள்கூடச் சொல்லலையே டீச்சர்."

"என்ன சொல்றது? உங்க தட்டு."

"சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. நீங்க மட்டும் வாங்க" என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின. மத்தியானம் காபி போட்டு வைத்துவிட்டுத் தட்டுகளை எடுப்பார். பாட்டு ஓடும்போது பேசமாட்டோம். நான் ஸ்வரம் பிரித்துக்கொண்டிருப்பேன்; அவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சும்மாதான் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

வெயிலில் வளைந்துபோன பாட்டை நினைவிலிருந்து வீணையில் பிடித்தேன். உள்ளே வேலையாக இருந்த என் கணவர் வந்து எட்டிப் பார்த்து, "என்னடி இது, வண்டி ஓடறாப்ல இருக்கு?" என்றார். நன்றாக வந்துவிட்டது என்ற தைரியத்தில் பிலோமினாவை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு டீச்சர். ஆனா அது இல்லை."

ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்குத் திங்கக்கிழமை விடிஞ்சா கரும்புக் காட்டுல வேலை. இன்னைக்கு விட்டா இல்லைங்கிற மாதிரி வாசிக்கிறாங்க. நீங்க நாளைக்கும் வாசிக்கலாம்னு வாசிக்கிறீங்க."

என் வீணையைப் பற்றி யாரும் அவ்வளவு உண்மையாகச் சொன்னதில்லை. அதற்காக எனக்கு நன்றி தோன்றவில்லை. இந்தக் காது எனக்கு ஏன் இல்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். அவர் படுக்கையில் விழும்வரை போய்க்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் காட்டூருக்குப் போனேன். செபாஸ்டினின் மகள் ரோஸி அங்கே இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெட்டி அவளிடம் வந்துவிட்டது. அப்பா வாங்கியது மகளுக்கு வருவதுதான் நியாயம். அவள் ஒரு தட்டைப் போட்டு, கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அசைந்தாள். தாளம் கொஞ்சமும் தப்பவில்லை. அத்தையின் காது.

"ஸ்ரீரங்கத்து டீச்சர்னு அத்தை எப்பவும் சொல்லுவாங்க" என்றாள். "என்னைவிட அவங்களுக்குத்தான் இந்தத் தட்டு மேல ஆசை, அவங்க பக்கத்துல உட்கார்ந்தா எனக்கே புதுசாக் கேக்குதுன்னு சொல்லுவாங்க. நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்களேன்."

வேண்டாம் என்றேன். என் வீட்டில் அது ஒற்றையாகக் கிடக்கும்.

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுல அத்தைக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

எனக்குத் தெரியும். அந்த ஒரு தட்டைப் போடும்போது மட்டும் பிலோமினா எழுந்துபோய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெட்டியில் அதுவும் இருந்தது. உறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"எல்லாமே பிடிக்கும்மா" என்றேன்.

ரோஸி நம்பிவிட்டாள். பெட்டி அவளோடு இருக்கட்டும், காதும் அவளுக்கே இருக்கட்டும். பிலோமினாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அது எந்தத் தட்டு என்பது ஒன்றுதான். உங்களுக்கும் சொல்வதாக இல்லை.