எறும்பு என்று சொன்னேன்

வில்லியனூரில் ஒரு கல்யாண ஊர்வலம். மணமக்கள் உட்கார என் பழைய ஓப்பன் காரைத்தான் பிடித்திருந்தார்கள். சாயங்காலம் பெய்த ஐப்பசி மழை விட்டதும் துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, சீரியல் லைட்டைப் போட்டுக் கிளம்பினேன். கடைத்தெருவைத் தாண்டும்போது பின்சீட்டில் இருந்த மணப்பெண் வெடுக்கென்று காலைத் தூக்கினாள்.

“அண்ணா, கால்ல இன்னாவோ சுர்ருங்குது.”

“எறும்பும்மா. பூவுல இருந்திருக்கும்.”

பொய் எப்படித்தான் அவ்வளவு சுருக்க வாயில் வந்ததோ. கை தானாகப் போய் லைட்டை அணைத்தது. லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் பெட்டி அவள் சீட்டுக்கு அடியில் இருந்தது. வீட்டுக்கு வந்து கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிழிந்தால் சொட்டும், அவ்வளவு ஈரம். அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். சுருக்கென்று அடித்தது கரண்ட்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மணப்பெண்ணாக அதே சீட்டில் உட்காரப் போகிறவள் என் அக்கா மகள். தாய்மாமன் வண்டியில்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றி, கூரையை மூடி, மனைவியை உள்ளே உட்காரவைத்தேன். தண்ணீர் வரும் வழி தெரியட்டும் என்று உள்ளே மூலைமுடுக்கெல்லாம் கோலமாவைத் தூவியிருந்தேன். முன்கண்ணாடி ஓரத்தில் குழாயைப் பிடித்தேன்.

“இல்ல.”

கதவில் பிடித்தேன்.

“இங்கயும் இல்ல. மாவுதான் வீணாப் போவுது.”

கூரைத் தையலிலும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையை அடைக்கலாம், தெரியாததை என்ன செய்வது? கடைசியாக, கூரை மடிந்து உட்காரும் பின்பக்கப் பள்ளத்தில் ஊற்றினேன்.

“யோவ், நிறுத்து! சீட்டுக்குப் பின்னாடி வழியுது!”

தண்ணீர் கோலமாவில் கோடு கிழித்துக்கொண்டு நேரே இன்வெர்ட்டர் இருந்த இடத்துக்குப் போயிருந்தது.

அந்தப் பள்ளத்துத் தண்ணீர் வெளியேற மூலைக்கு ஒரு ரப்பர் குழாய் உண்டு. கம்பியை விட்டுக் குடைந்தேன். புளித்த நாற்றத்தோடு மஞ்சள் கூழ் வந்தது. உற்றுப் பார்த்தால் அரிசி. ஊர்வலம் கிளம்பும்போது பெரியவர்கள் ஜோடியின் தலையில் தூவும் அட்சதை. ஆசீர்வாத அரிசி காலில் மிதிபடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு அதைப் பின்மூலையில் ஒதுக்கித் தள்ளிய புண்ணியவான் நான்தான்.

“அதான் கெடச்சிடுச்சே, இன்னாத்துக்கு நடுங்குற?” என்றாள்.

வில்லியனூரில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?”

“தெரியாது.”

குழாயைச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டைக் காயவைத்து, இன்வெர்ட்டரை டிக்கியில் பலகைமேல் ஏற்றினேன். டெஸ்டரை வைத்துப் பத்து தடவை பார்த்தேன். பயம் மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு ஊருக்குள் அக்கா மகளின் ஊர்வலம் பாதி வழி போயிருக்கும்.

“மாமா! கால்ல...”

பிரேக் அடித்து, லைட்டை அணைத்து, கதவைத் திறக்காமலே எகிறிக் குதித்தேன். அவளை அப்படியே தூக்கி வெளியே இறக்கினேன். பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் அவள் பாதத்தில் ஒரு கட்டெறும்பு.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். தாய்மாமன் பாசம் என்றார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வில்லியனூரில் அந்தப் பெண் வாழப்போன வீட்டை விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினேன். யார் திறப்பார்களோ, என்ன சொல்வார்களோ. அவளேதான் திறந்தாள்.

“கார் அண்ணாவா? உள்ள வாங்க.”

நான் வாசலிலேயே நின்றேன்.

“அன்னைக்கு எறும்பு இல்லம்மா,” என்றேன்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.