கணக்கில் விட்டுப்போன காய்

திண்டுக்கல் காய்கறி மண்டி ஒன்றில் இருபத்து நான்கு வருடம் எடை போட்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எடை பார்க்க அதுவே போதுமாக இருந்தது. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து முருங்கை வரும், செம்பட்டிப் பக்கமிருந்து தக்காளி வரும். மூட்டையைத் தராசில் ஏற்றியதும் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைத் தவிர நாள் முழுக்க நான் பேசியது கொஞ்சம்தான். பேச்சு எனக்கு வராது. ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்பது சுத்தமாக வராது.

ஒருமுறை மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன். லீவு கேட்பதற்காக முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் போன் பேசினார், பில் எழுதினார், காபி குடித்தார். பிறகு நிமிர்ந்து, "என்ன அப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டுத் தராசுக்குத் திரும்பினேன்.

மறுநாள் அவளை அவளுடைய தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முதலாளி கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் லீவும் கொடுத்து, கையில் பணமும் திணித்திருப்பார். கேட்க முடியாதது என் குறை. யாரிடமும் எதையும் கேட்காமல் சாப்பிடுகிற நிலைமைக்கு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

கூச்சமுள்ளவனுக்குச் சிக்கனம் சுலபம். டீக்கடை பெஞ்சில் நாலு பேரோடு உட்கார எனக்குப் பிடிக்காது, அதனால் டீச்செலவு இல்லை. கடைக்காரர் துணியை விரித்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, அதனால் துணிக்கடைக்கே போவதில்லை. எல்லாரும் தவணையில் பைக் வாங்கியபோது நான் சைக்கிளில் போனேன். மகள் கல்யாணத்தைக் கோயிலில் முடித்தோம். ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் இடம் வாங்கி, ஒவ்வொரு அறையாகக் கட்டினேன். மூன்று அறைகள் எழும்பப் பதினான்கு வருடம் ஆனது. ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு இரண்டை வாடகைக்கு விட்டோம். ஆறு ஆடுகளும் வளர்த்தோம்.

காலண்டர் தாளின் பின்பக்கம் செலவுகளை எழுதினேன். அரிசி, பால், கேஸ், கரண்டு, மருந்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஆட்டுக்குப் புண்ணாக்கு. மனைவி அதை வாங்கிப் பார்த்து, தன் பங்குக்கு வெற்றிலை பாக்கைச் சேர்க்கச் சொன்னாள். ஆறு மாதம் வைத்துப் பார்த்தோம். வாடகையும் ஆடும் செலவுக்குச் சரியாக இருந்தன. மண்டிச் சம்பளத்தைத் தொடாமலே மாதம் ஓடியது.

முதலாளியிடம் சொல்ல மேலும் மூன்று நாள் ஆனது.

"இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் மொதலாளி."

"எந்த மண்டிக்காரன்லே கூப்பிட்டான்?"

"யாரும் கூப்பிடல."

"அப்ப சோத்துக்கு?"

"வாடக வருது."

அவர் பில் புத்தகத்தை மூடினார். பிறகு சிரித்துவிட்டார். "ஏலே, வாடக வாங்குற ஆளாயிட்டியா? சரி, போயிப் பாரு. ஒன் ஆணி அப்பிடியேதான் இருக்கும்."

ஆணி என்று அவர் சொன்னது தராசுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் ஆணியை. மண்டியில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆணி உண்டு. காலையில் வந்ததும் அதில் பையை மாட்டுவோம். மதியம் கிளம்பும்போது அதில் காய் இருக்கும். வளைந்த கத்தரிக்காய், ஒடிந்த பீன்ஸ், ஒருபக்கம் அழுகின தக்காளி. யார் போடுவது, எவ்வளவு போடுவது என்று பேச்சே கிடையாது. அது வழக்கம்.

வேலையை விட்ட முதல் நாள் வெயில் ஏறும்வரை ஆடுகளோடு இருந்தேன். மனைவி வாசலுக்கு வந்தாள்.

"உலை கொதிக்குது. வெஞ்சனம் வைக்கக் காய்க்கு என்ன செய்ய?"

உள்ளே போய்ச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். காலண்டர் தாளில் காய் இல்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் காசு கொடுத்துக் காய் வாங்கியதில்லை. மூட்டை என்ன விலை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கால் கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். விலையைக் கேட்டபோது ஒரு மாதத்துக்கு என்ன ஆகும் என்று மனம் தானாகப் பெருக்கிப் பார்த்தது. ஒரு அறை வாடகையில் பாதிக்கு மேல் போய்விடும். கைக்காசு போகாமல் இத்தனை வருடம் அதைத் தின்றிருக்கிறோம்.

தள்ளுவண்டியில் காய் விற்கும் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். எங்கள் மண்டியில் தினமும் சரக்கு எடுப்பவர்.

"ஏண்ணே, நீங்க காய் வாங்கவா வந்தீங்க? மீனு கொளத்துல தண்ணி கேட்ட கதையால்ல இருக்கு!"

பக்கத்து வண்டிக்காரரும் சிரித்தார். காசை நீட்டினேன். அந்த அம்மா என் கையைத் தள்ளிவிட்டு, என் பையைப் பிடுங்கி இரண்டு கை அவரைக்காயை உள்ளே போட்டார். "நாளைக்கு வெள்ளன மண்டிக்கு வந்து எனக்கு நாலு நல்ல பெட்டியாப் பொறுக்கிக் குடுங்கண்ணே, போதும்."

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

மறுநாள் மண்டிக்குப் போய்ப் பெட்டி பொறுக்கிக் கொடுத்தேன். திரும்பும்போது முதலாளி பார்த்துவிட்டார். "வந்துட்டியா அப்பு? புதுப் பய எடையில தடுமாறுறான். செத்த நேரம் நில்லு." நின்றேன். மதியம் ஒரு மணி வரைக்கும் நின்றேன். கிளம்பும்போது பை ஆணியில் தொங்கியது, காயோடு. அதை மாட்டியது நான்தானா என்று நினைவில்லை.

அதற்கடுத்த நாளும் போனேன். ஐந்தாவது நாள் மனைவி பையைக் கீழே கொட்டிப் பார்த்தாள்.

"முன்னெல்லாம் சம்பளமும் குடுத்து காயும் குடுத்தாங்க. இப்ப காய் மட்டும் குடுக்குறாங்க. நல்லாத்தான் வேலைய விட்டீங்க."

ஆடுகளும் அவளும் தவிர வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாவது நாள் எடை முடிந்ததும் பையை ஆணியிலிருந்து எடுத்து முதலாளியின் மேசைமேல் வைத்தேன்.

"காய் வேணாம் மொதலாளி."

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன், பத்தலையா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிலோ சின்ன வெங்காயத்தையும் அள்ளிப் போட்டார்.

நான் அசையாமல் நின்றேன். முன்பு லீவு கேட்க நின்ற அதே இடம். அவர் போன் அடித்தது, எடுத்துப் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது காயைக் காலிப் பெட்டி ஒன்றில் மெதுவாகக் கவிழ்த்தேன். வெங்காயத்தை வெங்காயக் குவியலில் போட்டேன். பையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, கோவமா?"

"இல்ல மொதலாளி. நாளைக்கு வரமாட்டேன்."

அன்றைக்கு ரசமும் துவையலும்தான். காலண்டர் தாளில் காயைச் சேர்த்தோம். அதற்கு இடம் பண்ணக் கேபிள் கனெக்சனை எடுத்தோம். மனைவி வெற்றிலை பாக்கை விடவில்லை, நானும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வெஞ்சனம் இல்லாமல் சாப்பிடுவது என்று ஆனது.

ஊரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் அதிகம், காசை வாங்காமல் காயைத் திணிப்பார்கள். அதனால் வாரம் ஒருமுறை மனைவி டவுன் பஸ்ஸில் வடமதுரைச் சந்தைக்குப் போகிறாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

"கவர்மெண்டு பஸ்ஸில ஓசில போகலாம், மொதலாளி காய் மட்டும் கசக்குதாக்கும்" என்று முதல் வாரம் கேட்டாள்.

"பஸ்காரன் எறங்கையில தராசப் பிடின்னு சொல்ல மாட்டான்ல" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

போன வாரம் அவள் கொண்டுவந்த கத்தரிக்காயைக் கையில் வாங்கினேன். ஒரு கிலோ என்று கொடுத்திருந்தார்கள். தூக்கியதுமே தெரிந்துவிட்டது.

"எடை கொறையுது. நூறு கிராமுக்கு மேல."

"அப்ப அடுத்த வாரம் நீங்களே வந்து அந்த ஆளக் கேளுங்க."

அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காய் நன்றாக இருந்தது. வளையாத, முற்றாத, எங்கள் காசில் வாங்கிய காய். குறைந்த எடையோடேயே அதை நறுக்கினேன்.